இரண்டு லிட்டர் கடல்

ஜனவரி முப்பத்தொன்று.
நாட்டில் பாதி கடலை விட்டுக் கிளம்புகிறது,
மறுபாதி கடலுக்குப் போகிறது.
எதிர்த்தடத்தில் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கால்கள்,
கூரைமேல் கட்டிய புத்தம்புதுக் குடைகள்.
எங்கள் குடையின் கம்பி வளைந்துவிட்டது. புதன்கிழமைக் காற்று.

தீர்ப்பில் இப்படி இருக்கிறது:
ஜனவரியின் பின்பாதி தகப்பனுக்கு.
கடைசி நாள் இரவு எட்டு மணிக்குள்
லானூஸில், தாயின் வாசலில்.
எட்டு என்பதை எண்ணாலும் எழுத்தாலும் போட்டிருந்தார்கள்,
இரண்டில் ஒன்றாவது எனக்குத் தெரிந்திருக்கும் என்று.

பின்னிருக்கையில் ஃபவுஸ்தோ, ஆறு வயது.
கால்களுக்கிடையே இரண்டு லிட்டர் சோடா பாட்டில்,
அதற்குள் மார் சிக்கீத்தாவின் கடல்.
அவனே அலைக்குள் இறங்கிப் பிடித்தது.
மூன்று முறை பிடித்தான்:
முதல் தடவை நுரை அதிகம்,
இரண்டாம் தடவை மணல் போதவில்லை.
நான் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம்
வண்டிக்குள் ஓர் அலை எழுந்து
மூடியில் முட்டித் திரும்புகிறது.

மைப்பு தாண்டியதும் சாலை நின்றுபோனது.
இருபுறமும் சூரியகாந்தி,
ஒன்றுகூட எங்கள் பக்கம் பார்க்கவில்லை.
முன்வண்டிக்காரர் இறங்கி வந்தார்,
தெர்மோஸை அக்குளில் இடுக்கியபடி.
முன்பின் தெரியாத எனக்கு மாத்தே ஊற்றி நீட்டினார்.
“லாரி கவிழ்ந்திருக்காம். தர்பூசணி.
ரெண்டு மணி நேரமாவது ஆகும்.”
ஆறுதல் சொல்லும் குரல்.
என் முகத்தில் அவர் எதைத் தேடினாரோ
அது அங்கே இல்லை.

நொவேலியாவுக்குச் செய்தி அனுப்பினேன்:
தர்பூசணி லாரி கவிழ்ந்துவிட்டது.
பதில் வந்தது:
போன வருஷம் மாடு.

தொலோரெஸில் ரெனாட்டாவுக்குக் கழிப்பறை போகவேண்டும்.
லெசாமாவில் மறுபடியும்.
சாஸ்கோமுஸில் மறுபடியும்.
காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பிள்ளை,
பதினோரு வயது,
கேட்டால் தோளைக் குலுக்குகிறாள்.
நேரமாகிறதே என்று தேடிப் போனேன்.
பெட்ரோல் பங்கின் பின்பக்கம், காலி சிலிண்டர்களுக்கு அருகே
குட்டைச் சுவரில் உட்கார்ந்து
கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
“பத்து நிமிஷம் ஆகட்டும்னு இருந்தேன்.”
ஆறுதான் ஆகியிருந்தது.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
மீதி நான்கையும் உட்கார்ந்தே கழித்தோம்,
ஒரு நாய் எங்களை முகர்ந்துவிட்டுப் போனது.

அதற்குப் பின் நல்ல சாலை.
நல்ல சாலை, என்ன செய்வது.
சுங்கச்சாவடியில் ஆள் குறைவான வரிசையை விட்டு
நீளமான வரிசையில் நின்றேன்.
ரெனாட்டா பார்த்தாள். வானொலியைக் கொஞ்சம் குறைத்தாள்.

பத்து நாற்பதுக்கு லானூஸ்.
நொவேலியா வாசலில், ஈரத்தலையோடு.
முதலில் மணியைப் பார்த்தாள்.
அப்புறம் பிள்ளைகளின் தோலுரிந்த மூக்குகளை.
ஒன்றும் சொல்லவில்லை.

தூங்கி வழிந்த ஃபவுஸ்தோ பாட்டிலை மட்டும் விடவில்லை.
“அப்பாவுக்குப் பாதி.”
நாளைக்குப் பார்க்கலாம் என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.
நாளைக்கு அப்பா இருக்கமாட்டார் என்றான்,
அழாமல், மணி சொல்வதுபோல.

எனவே இரண்டு வருஷத்துக்குப் பிறகு
அந்தச் சமையலறை விளக்கடியில் நான்.
காலி வினிகர் பாட்டில் ஒன்று கழுவி வந்தது.
புனல் அதே பழைய மஞ்சள் புனல், விளிம்பில் என் பல் தடம்.
ஃபவுஸ்தோ மேசையோடு கண்ணை வைத்து அளந்தான்.
அம்மா பக்கம் ஒரு விரல் கூடிவிட்டது.
அவள் எடுத்து என் பக்கம் ஊற்றினாள்.
இப்போது என் பக்கம் கூடிவிட்டது.
யாரும் அதைச் சரிசெய்யவில்லை.

மார்ச் வந்துவிட்டது, பள்ளி திறந்துவிட்டது.
என் அறையில், எண்ணெய்க்கும் உப்புக்கும் நடுவில்
அது நிற்கிறது.
லேசாகப் பச்சை கட்டியிருக்கிறது, திறந்தால் நாறும்.
ஞாயிறு இரவுகளில் ஒருமுறை குலுக்குவேன்.
மணல் முழுக்க எழும்பி
பிறகு ஒவ்வொன்றாக இறங்கும்.
அடங்க எவ்வளவு நேரமாகும் என்று
இப்போது எனக்குத் தெரியும்:
கெட்டிலில் தண்ணீர் வைத்தால்
அது பாட ஆரம்பிக்கும் வரை.